போடாத ஊசி

"லீவு நாள்ல எவனாச்சும் ஊசிப் பையத் தூக்கிக்கிட்டு ஓட்டப்பந்தயம் பாக்கப் போவானா?"

சேதுராமன் இதைக் கேட்டபோது அவருடைய உதவியாளன் ஷம்சுதீனின் வாய் நிறைய வடைத்துண்டும் காயும் கலந்த ரோஜாக் இருந்தது. கடலைக் குழம்பை வழித்து விழுங்கிவிட்டுத்தான் அவன் பதில் சொன்னான்.

"போவாங்க சார். எங்க மாமா கல்யாண வீட்டுக்கே தராசோட போவாரு. பழக்கதோஷம் லா."

"உங்க மாமா மளிகைக்கடைக்காரர். தராசால யாரும் செத்ததில்ல."

"அவருகிட்ட அரிசி வாங்கினவங்களக் கேட்டுப் பாக்கணும்."

சேதுராமன் சிரிக்கவில்லை. அவர் கண் எதிரே இருந்த திடலின்மேல் இருந்தது. காஜா பெராங்கின் அந்தத் திடலில்தான், நாடு சுதந்திரம் வாங்கிய அன்று பிற்பகலில், இளைஞர்களுக்கான ஓட்டப்பந்தயம் நடந்தது. முதலில் வந்தவன் நடராஜன். இருபத்திரண்டு வயது; அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. பரிசுக் கோப்பையை வாங்க அவன் உயிரோடு இல்லை. ஓடிய களைப்பில் இதயம் நின்றுவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போலீசும் அதோடு விட்டுவிட்டது.

நடராஜனின் தாய் பொன்னம்மா விடவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இடது கையில் ஊசி குத்திய தடத்தைப் பார்த்திருந்தாள். அதைச் சொல்லிக்கொண்டு அவள் புங்கா ராயா தெருவில் தையல் கடைக்கு மேலே இருந்த சேதுராமனின் துப்பறியும் அறைக்குப் படியேறி வந்தபோது, சுதந்திரத்துக்கு ஏற்றிய மெர்டேக்கா கொடிகள் இன்னும் கடைவாசல்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

சந்தேகப்பட ஓர் ஆளும் இருந்தான். தியாகு; டாக்டர் ஜெய்னுலாப்தீனின் கிளினிக்கில் டிரெசர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும், டாக்டருக்கு ஊசி எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை. பந்தயத்தன்று அவன் ஊசிப் பையோடு திடலில் நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள். நடராஜனின் தங்கை கோகிலாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்தவன். நடராஜன் அவனை நடுத்தெருவில் நிறுத்தி, முடியாது என்று சொல்லி அனுப்பியதைக் கம்போங் செட்டி வரைக்கும் எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

ரோஜாக் கடை ரஹீமா அக்கா தட்டை எடுக்க வந்தாள். பந்தயத்தன்று இதே மரத்தடியில்தான் கடை போட்டிருந்தாளாம்.

"அந்தத் தம்பி விழுந்தத நீங்க பாத்தீங்களாக்கா?" என்று ஷம்சு கேட்டான்.

"பாக்காம? கயிறத் தாண்டுச்சு, அப்படியே குப்புற விழுந்துச்சு. தண்ணி தெளிச்சாங்க. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, 'நான்தான ஜெயிச்சேன்?'னு கேட்டுச்சு பாவம்."

சேதுராமன் நிமிர்ந்தார். "எந்திரிச்சு உக்காந்தானா? நல்லாத் தெரியுமா?"

"பேசுச்சுங்கறேன். அப்புறம்தான் டிரெசர் கூட்டத்த வெலக்கிட்டு வந்தாரு. பையிலருந்து சின்ன அரம் எடுத்தாரு, கண்ணாடிக் குப்பியோட கழுத்த அறுத்தாரு, டக்குன்னு ஒடிச்சாரு, கையில ஊசி போட்டாரு. நான் ஒரு தட்டு ரோஜாக் போட்டுக் குடுத்துட்டுத் திரும்புறேன், அந்தத் தம்பி கண்ணு மேல சொருகிருச்சு."

"இத ஏன் போலீஸ் மாத்தாகிட்ட சொல்லல?"

"மாத்தா எங்கிட்ட ரோஜாக்தான் கேட்டாரு. ஊசியப் பத்திக் கேக்கல. டாக்டர் கடையில இருக்கறவரு ஊசி போட்டா நல்லதுக்குன்னுதானங்கய்யா நெனப்பாங்க?"

காசைக் கொடுத்துவிட்டு இருவரும் நடந்தார்கள். சேதுராமனின் நடையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. துப்பு கூடிவரும் நேரத்தில் அவர் இப்படித்தான் நடப்பார். அப்போது வெயில்கூட அவருக்கு உறைக்காது.

"மயங்கினவனுக்கு ஊசி போட்டா அது வைத்தியம். தெளிஞ்சு உக்காந்தவனுக்கு எதுக்குடா ஊசி? பையோட வந்திருக்கான். நேரம் பாத்திருக்கான். கூட்டத்துக்கு நடுவுல, அத்தன பேர் கண்ணு முன்னால, தர்மம் பண்ற மாதிரிப் பண்ணியிருக்கான்."

"அப்படின்னா ரொம்பத் தைரியசாலி சார். நான் எறும்புக்கு மருந்து வைக்கறதுன்னாலும் கதவச் சாத்திக்குவேன்."

"நாளைக்கு மத்தியானம் கிளினிக்கில எல்லாரையும் உக்கார வைக்கிறேன். டாக்டரையும் சேத்து."

ஷம்சுவுக்கு விளங்கிவிட்டது. போலீசில் இருந்த காலத்திலேயே சேதுராமனின் மேஜை அடி பேர்போனது. மெதுவாகப் பேசிக்கொண்டே வந்து, ஆள் அசந்த நேரத்தில் மேஜையில் ஓங்கி ஓர் அடி, கூடவே ஒரு பொய். பாதிப் பேர் அந்த அதிர்ச்சியிலேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள். 'சேதுராமன் கையில ரேகை இல்ல, வாக்குமூலம்தான் இருக்கு' என்று பழைய சகாக்கள் சொல்வதுண்டு. அதைக் கேட்டால் அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அன்று மாலை பொன்னம்மாவை அழைக்கப் போனார்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே அவள் வாசலுக்கு வந்து அவர்களை மறித்தாள்.

"ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கோகிலா உள்ள இருக்கா. அவ எதுக்க சத்தம் போடாதீங்க."

"ஏம்மா?"

"சும்மாதான். பயந்த பொண்ணு."

அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று சேதுராமன் அந்த இடத்திலேயே கண்டுகொண்டார். வீட்டுக்குள் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மணி ஆறானபோது அது அடிக்கவில்லை. சாய்த்து வைத்திருந்த சைக்கிளில் மணியின் மூடி கழற்றப்பட்டிருந்தது. பின்கட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அம்மாள், கோகிலா இருந்த அறைக்குள் நுழையும் முன்பு இரண்டு தடவை செருமினாள். சேதுராமன் எல்லாவற்றையும் கவனித்தார். இந்த வீட்டில் பயம் இருக்கிறது. பயம் இருக்கும் இடத்தில் ரகசியம் இருக்கும். மகளுக்கும் தியாகுவுக்கும் இருந்த தொடர்பைத் தாய் மறைக்கிறாள். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

திரும்பும் வழியில் ஷம்சு சொன்னான். "தியாகுவப் புடிக்க அந்தப் பொண்ணு எதுக்கு சார்? மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்கு. அதுக்கும் சேத்து அதிர்ச்சி குடுக்கணுமா?"

"அவ முகத்தப் பாத்தாதான்டா அவன் ஒடைவான்."

 ஷம்சு அதன்பின் வேடிக்கைப் பேச்சு எதுவும் சொல்லாமல் வந்ததைச் சேதுராமன் கவனித்திருக்கலாம்; கவனிக்கவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்காகக் கிளினிக்கை மூடியிருந்த நேரம். டாக்டர் ஜெய்னுலாப்தீன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, அமைதியான மனிதர். சுவரோரப் பெஞ்சில் பொன்னம்மாவும் கோகிலாவும். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் தியாகு நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான ஆள், பல நாள் தூங்காதவனைப் போலக் கண்ணடியில் கறுப்பு. கதவருகே ஷம்சு.

சேதுராமன் பேச்சை மெல்லத் தொடங்கினார். சீதோஷ்ணம், டாக்டரின் கார் எந்த வருஷத்து மாடல், சுதந்திர தினத்தன்று கூட்டம் எப்படி என்று எங்கெங்கோ சுற்றினார்.

"தியாகு, அன்னிக்குப் பந்தயம் பாக்கத்தான வந்தீங்க?"

"ஆமா சார்."

"பையோட?"

தியாகுவின் கண் ஒரு நொடி பெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது. "சும்மா கொண்டு வந்தேன்."

"நடராஜனுக்கு ஊசி போட்டீங்க. என்ன மருந்து?"

"வைட்டமின் ஊசி சார்."

டாக்டர் திரும்பி அவனைப் பார்த்தார். "நீ ஊசி போட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

தியாகு தலையைக் குனிந்துகொண்டான். நெற்றியில் வியர்வை வடிந்தது. இதுதான் நேரம் என்று சேதுராமனுக்குப் பட்டது. அவர் எழுந்து மேஜைக்கு அருகே வந்தார். பேச்சின் சுருதி மாறாமல், "அப்படியா, வைட்டமினா" என்றார். அடுத்த கணம் அவருடைய உள்ளங்கை மேஜைமேல் இடியாக இறங்கியது. ஊசிகள் வைத்திருந்த இரும்புத் தட்டு எகிறித் தரையில் விழுந்து அலறியது.

"பொய். கோகிலா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டா. போலீஸ் வாசல்ல நிக்குது. உனக்குத் தூக்குக் கயிறுதான்."

தியாகு அசையவில்லை. பெஞ்சில்தான் அசைவு தெரிந்தது. கோகிலா எழுந்து நின்றிருந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது. பிடி கிடைக்காமல், சரிந்த சேலை போலத் தரையில் விழுந்தாள்.

"ஐயோ, நான் சொன்னேனே. சத்தம் போடாதீங்கன்னு சொன்னேனே" என்று பொன்னம்மா முனகினாள். அவள் கத்தக்கூட இல்லை. அந்த வேளையிலும் அவள் குரல் தாழ்ந்தே இருந்தது.

டாக்டர் அந்தக் கனத்த உடம்போடு எப்படி அவ்வளவு விரைவாக மண்டியிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். முகம் இறுகியது.

"இதயம் கண்டபடி துடிக்குது. நாடி கையில சிக்கல. தியாகு, அட்ரினலின் எடு. சீக்கிரம்."

தியாகு அலமாரியைத் திறந்தான். மருந்துப் பெட்டியை எடுத்தான். எடுத்தவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? குடு."

"வேண்டாம் டாக்டர்."

"அவ செத்துருவா."

"இதப் போட்டாதான் செத்துருவா." தியாகுவின் குரல் உடைந்தது. "நடராஜனுக்கு நான் போட்டது இதுதான். வைட்டமின் இல்ல. இதுதான். நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான். ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல போயிட்டான். நான்தான் கொன்னேன். என்னப் புடிச்சுக் குடுத்துருங்க. அவளுக்கு மட்டும் இதப் போடாதீங்க."

 டாக்டரின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கி, கோகிலாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

காத்திருந்தார்கள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சேதுராமன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்து, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கையால் எத்தனை பேரை ஒடித்திருப்போம் என்ற நினைப்பு ஓடியது. அதில் யாராவது வீட்டுக்குப் போய் விழுந்திருப்பார்களா? அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது வாக்குமூலம். அது கிடைத்ததும் ஆளை மறந்துவிடுவார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சாமி கும்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எந்தச் சாமியிடம் கேட்பது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இந்தப் பெண் கண்ணைத் திறந்தால் போதும் என்று மட்டும் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

"நாடி வருது" என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "ஒழுங்கா வருது" என்றார். அவர் தலையிலிருந்து சொட்டிய வியர்வை கோகிலாவின் கையில் விழுந்தது.

அவளை உள்ளறைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லேசான தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, டாக்டர் பொன்னம்மாவை வாசல் பக்கம் அழைத்தார்.

"இதுக்கு முன்னாடி இவ விழுந்திருக்காளா?"

பொன்னம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.  "ரெண்டு பேருக்கும் சின்ன வயசிலேருந்தே வலிப்பு. ஓடினா, பயந்தா, கோவப்பட்டா வரும். எந்தம்பியும் அப்படித்தான், குருபோங் தோட்டத்துல நாய் தொரத்தி விழுந்தவன், எந்திரிக்கவே இல்ல. வெளிய சொன்னா பொண்ண எவன் கட்டுவான்? அதான் மூடி வச்சேன். எம்புள்ளை 'ஒரு தடவ ஓடறேம்மா, நாடே கொண்டாடுது'ன்னு கேட்டான். சரின்னுட்டேன்."

"வலிப்பு இல்லம்மா இது." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா இருக்கும்போது சோதிச்சா இவங்க இதயத்துல ஒரு கோளாறும் தெரியாது. ஓட்டம், பயம், கோவம் எதுன்னாலும் நம்ம ஒடம்பு தானாவே ஒரு நீரச் சுரக்கும். அதுதான் அட்ரினலின். குப்பியில இருக்கறதும் அதேதான்."

"அதாவது," ஷம்சு தயங்கித் தயங்கிச் சொன்னான், "ஏற்கெனவே எரியற வீட்ல அது இன்னும் கொஞ்சம் எண்ணெய்."

"ஆமா தம்பி. இதயத் தசை சுருங்கறதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். அது தசைக்குள்ளயே எங்கயோ அடைச்சு வச்சிருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கதவு தெறந்து அளவா வெளிய விடுதுன்னு இப்ப சில பேர் நெனக்கிறாங்க. அந்தக் கதவ இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல; நானும் ஊகமாத்தான் சொல்றேன். இந்தக் குடும்பத்துல அது தாழ்ப்பாள் சரியில்லாமப் பொறந்திருக்கணும். அட்ரினலின் வந்து தட்டினா, தெறக்கக் கூடாத நேரத்துல தெறந்துக்குது. இதயம் தாளம் தப்பிருது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தியாகு இருந்த பக்கம் பார்த்தார். "விழுந்தவங்க யாரா இருந்தாலும் இந்த ஊசியப் போடுன்னு அவனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். இன்னிக்கும் நானே போடத்தான் இருந்தேன்."

தியாகு கிளினிக்கின் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். சேதுராமன் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தெளிஞ்சு உக்காந்தவனுக்கு ஏன் போட்டீங்க?"

"நாடி புடிச்சுப் பாத்தேன் சார். ஒழுங்காவே இல்ல. திரும்ப விழுந்துருவானோன்னு பயம். டாக்டர் இல்லாம ஊசி போட எனக்கு உரிமையில்ல. தெரிஞ்சேதான் போட்டேன்."

"பை?"

தியாகு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "கோகிலா சொல்லி அனுப்பினா" என்றான். "அண்ணன் ஓடப் போறான், எனக்குப் பயமா இருக்கு, பையோட வந்து நில்லுங்கன்னு. அத நான் எப்படி சார் வெளிய சொல்றது? அண்ணன் சாவுக்கு அவளும் காரணம்னு ஆயிராதா?"

வழக்கின் அச்சாணியாகச் சேதுராமன் நினைத்திருந்த பை அது. விடுமுறை நாளில் ஊசிப் பையோடு வந்தவன் கொலைகாரன் என்று அடித்துச் சொன்னார். அந்த வீட்டின் அடிக்காத கடிகாரத்தையும், மூடியில்லாத சைக்கிள் மணியையும் கண்ணால் பார்த்தார். பெற்றவள் வாயைத் திறந்து, சத்தம் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஷம்சுகூட வேண்டாம் என்றான். துப்புகள் எல்லாம் கையில் இருந்தன. அத்தனையையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்திருக்கிறார்.

உள்ளேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. கோகிலா விழித்துவிட்டாள். சேதுராமன் அறை வாசல் வரை போனார்.

"என்னாம்மா சத்தம் அது?" அவள் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். "எதோ இடிஞ்சு விழுந்த மாதிரி இருந்துச்சே."

பொன்னம்மா சேதுராமனைப் பார்த்தாள். அவர் வாய் திறப்பதற்குள் ஷம்சு முந்திக்கொண்டான்.

"நான்தான் தங்கச்சி. ஊசித் தட்டத் தவற விட்டுட்டேன். எங்கம்மா என்னச் சமையக்கட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

கோகிலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இந்தப் பொய்யோடு வெளியே போய்விடலாம். ஷம்சு அதற்காகத்தான் சொன்னான் என்பது சேதுராமனுக்குத் தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லம்மா. நான்தான் மேஜைய அடிச்சேன். வேணும்னுதான் அடிச்சேன். போலீஸ் நிக்குதுன்னு சொன்னதும் பொய். யாரும் வரல. தியாகு மேல தப்புச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். கோபமா, களைப்பா என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவங்க எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னம்மா எழுந்து வெளியே வந்தாள். சேதுராமன் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"ஐயா, உங்ககிட்ட நான் ஒரு பேருதான் கேட்டேன். யாரு மேல மண்ண வாரித் தூத்தறதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல." அவள் நின்று மூச்சுவாங்கினாள். "இப்ப எல்லார் பேரும் இருக்கு. முதல்ல எம்பேரு."

 அவள் பின்வாசலுக்குப் போனாள். படியில் உட்கார்ந்திருந்த தியாகு அவளைக் கண்டதும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடி விழும் என்று எதிர்பார்த்தவன் போல இருந்தது அவன் நின்ற நிலை.

"மன்னிச்சுட்டேன்னு நெனக்காத" என்றாள் பொன்னம்மா. "அது எனக்கு முடியாது. ஆனா அவ உன்னத்தான் கேக்கறா."

தியாகு நகரவில்லை.

"உள்ள வா" என்றாள். "செருப்பக் கழட்டிட்டு மெதுவா வா."